டவர் தூரத்தில், போன் காதில்

தெருவுக்குள் செல்போன் டவர் வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் அங்கே குடியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அதிலிருந்து எவ்வளவு கதிர்வீச்சு வரும் என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்கு விடையும் உண்டு. கணக்குப் போட்டுச் சொல்லலாம், கருவியை வைத்து அளந்தும் சொல்லலாம். ஆனால் நம் ஊர்களில் இந்த விவாதம் பெரும்பாலும் அளவைத் தொடாமலே நடந்து முடிந்துவிடுகிறது. ஒன்றும் ஆகாது என்கிறது ஒரு தரப்பு. புற்றுநோய் வரும் என்கிறது மறு தரப்பு. எவ்வளவு சக்தி, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் என்று இரு தரப்பும் கேட்பதில்லை. இந்த அத்தியாயம் அந்த மூன்றையும் கேட்கிறது. கிடைக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்போன் பேசும் ஒருவரின் தலைக்குள் போகும் ரேடியோ அலையில் பெரும்பங்கு அவர் காதோடு ஒட்டிப் பிடித்திருக்கும் போனிலிருந்தே வருகிறது. டவரை ஊருக்கு வெளியே விரட்டினால் அந்தப் பங்கு குறையாது, கூடவே செய்யும். டவரைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இடங்களும் சில இருக்கின்றன. அவற்றை இனம் காண முதலில் ஆன்டெனாவின் குணம் தெரிய வேண்டும்.

மொட்டை மாடியில் நிற்கும் டவரின் இரும்புச் சட்டம் வெறும் தாங்கிதான். அலையை அனுப்புபவை உச்சியில் செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருக்கும் ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளமான வெளிர்நிறப் பட்டைப் பெட்டிகள். பெரும்பாலும் மூன்று திசைகளைப் பார்த்து, 120 பாகை இடைவெளியில் நிற்கும். அவற்றின் முதுகுப் பக்கத்திலோ கீழேயோ ரேடியோ பெட்டி, அதிலிருந்து இறங்கும் கறுப்புக் கேபிள்கள். சில டவர்களில் வட்டமான டிஷ்களும் இருக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால் இவற்றையே பலர் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அவை ஒரு டவர் இன்னொரு டவரோடு பேசுவதற்கானவை. மிகக் குறைந்த சக்தியை மெல்லிய கற்றையாக எதிர்முனை டிஷ்ஷுக்கு மட்டும் அனுப்புகின்றன. மக்களின் போன்களுக்கு அலை தருபவை அந்தப் பட்டைப் பெட்டிகள்தான். அவை எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அலையைக் கொட்டுவதில்லை. பக்கவாட்டில் 65 பாகை அளவுக்கு விரிந்தும், மேல்கீழாக ஏழு பாகை அளவுக்கு ஒடுங்கியும் ஒரு தட்டையான கற்றையை வீசுகின்றன. கலங்கரை விளக்கத்தின் அடியில் நிற்பவர் மேல் வெளிச்சம் விழாமல் தொலைவில் இருக்கும் படகின் மேல் விழுவது போன்ற ஏற்பாடு இது. 30 மீட்டர் உயரத்தில் நான்கு பாகை கீழ்நோக்கிச் சாய்த்து வைத்த ஆன்டெனாவின் கற்றையின் மையம் 400 மீட்டருக்கும் அப்பால்தான் தரையைத் தொடும். அதன் கீழ் விளிம்பே 230 மீட்டர் தள்ளித்தான் தரைக்கு வரும். டவருக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு வருவது கற்றையின் பக்கக் கசிவு மட்டுமே. அதையும் இடையில் இருக்கும் கான்கிரீட் தளம் இன்னும் குறைக்கிறது. தன் வீட்டு மாடியிலேயே டவரை வைத்துக்கொண்டு வாடகை வாங்குபவர் அந்தத் தெருவிலேயே குறைவாக அலை படும் ஆட்களில் ஒருவராக இருப்பது இதனால்தான்.

இப்போது கணக்கு. ஒரு திசையைப் பார்க்கும் ஆன்டெனாவுக்கு நான்கு அலைவரிசைகள், ஒவ்வொன்றுக்கும் 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 வாட். ஆன்டெனா அதை ஒரே பக்கமாகக் குவிப்பதால் கற்றைக்குள் நிற்பவருக்கு அது சுமார் 50 மடங்கு, அதாவது 4,000 வாட் மூலத்துக்குச் சமமாகத் தெரியும். தூரம் இரட்டித்தால் அலையின் செறிவு நாலில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். 230 மீட்டர் தள்ளி, கற்றையின் வலு பாதியாகும் கீழ் விளிம்பு தரையைத் தொடும் இடத்தில், சதுர மீட்டருக்கு 0.003 வாட் கிடைக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்தியா வகுத்த வரம்பு சதுர மீட்டருக்கு 0.45 வாட், சர்வதேச வரம்பு 4.5 வாட். நம் கணக்கில் வந்தது இந்திய வரம்பில் நூற்றில் ஒன்றைவிடக் குறைவு. எல்லா அலைவரிசைகளும் உச்ச சக்தியில் ஓடுகின்றன, நடுவில் சுவரோ மரமோ இல்லை என்ற மிக மோசமான அனுமானத்தில் வந்த எண் இது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அறிக்கையும் இதை ஒட்டியே இருக்கிறது: செல்போன் நிலையங்களால் பொதுமக்கள் மேல் படும் அலை, சர்வதேச வரம்பில் 0.002 முதல் 2 சதவீதம் வரை என்று பல அளவீடுகளைத் தொகுத்து அது சொன்னது.

ஆனால் அதே 4,000 வாட் கணக்கை வேறொரு இடத்துக்குப் போட்டுப் பாருங்கள். குறுகலான தெரு. ஒரு பக்கத்து மாடியில், தாழ்வான கம்பத்தில் ஆன்டெனா. எதிர்ப்பக்கத்தில் 15 மீட்டர் தூரத்தில் அதே உயரத்தில் ஒரு வீட்டின் படுக்கையறை ஜன்னல். கற்றை நேராக அந்த ஜன்னலைப் பார்க்கிறது. இப்போது சதுர மீட்டருக்கு 1.4 வாட் வருகிறது. இந்திய வரம்பைப் போல மூன்று மடங்கு. சர்வதேச வரம்புக்கு இன்னும் கீழேதான். ஆனாலும் சட்டப்படி இங்கே அந்த ஆன்டெனா அப்படி இருக்கக் கூடாது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதல்கள், ஆன்டெனாவுக்கு நேர் எதிரில் அதே உயரத்தில் கட்டடம் இருந்தால் ஒற்றை ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், இரண்டுக்கு 35 மீட்டர் என்று எண்ணிக்கைக்கு ஏற்ப விலகல் கேட்பது இந்தக் காரணத்தால்தான். நெருக்கடியான பழைய தெருக்களில், ஆன்டெனா வந்த பிறகு எதிர்வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பும்போது, இந்த விலகல் சத்தமில்லாமல் காணாமல் போக வாய்ப்புண்டு. என்னைக் கேட்டால் மக்களின் கவனம் முழுவதும் போக வேண்டிய இடம் இது.

டவரிலிருந்து போனுக்கு வருவோம். 4ஜி போனின் உச்ச சக்தி 0.2 வாட். பழைய 2ஜி போனுக்கு உச்சம் 2 வாட்; எட்டில் ஒரு பங்கு நேரம்தான் அது அலை அனுப்பும் என்பதால் சராசரி 0.25 வாட். டவரின் 80 வாட்டோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் தூரம் இங்கே சில மில்லிமீட்டர்தான். தலைத் திசு எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கிலோவுக்கு இத்தனை வாட் என்று அளக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் போன்களுக்கு, ஒரு கிராம் திசுவில் சராசரி பார்த்தால், கிலோவுக்கு 1.6 வாட் என்பது உச்ச வரம்பு. ஒரு போன் முழுச் சக்தியில் கிலோவுக்கு 0.5 வாட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் கணக்கிட்ட 0.003 வாட் டவர் அலையில் நிற்பவரின் உடல் உறிஞ்சுவது கிலோவுக்குச் சுமார் 0.00005 வாட். ஒன்று காதருகே ஓரிடத்தில் படுவது, மற்றது உடல் முழுவதும் பரவுவது என்ற வேறுபாட்டை ஒத்துக்கொண்டாலும், போனைப் பிடித்த பக்கத்து மூளைத் திசுவுக்கு வித்தியாசம் ஆயிரம் மடங்கு அளவிலானது. டவர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறதே என்பார்கள். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், பெருக்கிப் பாருங்கள். டவர் நாள் முழுக்கக் கொடுப்பதை, முழுச் சக்தியில் பேசும் போன் காதருகே ஒரே நிமிடத்தில் தாண்டிவிடுகிறது.

முழுச் சக்தியில் பேசும் போன் என்ற நிபந்தனையில்தான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. போன் எப்போதும் முழுச் சக்தியில் பேசுவதில்லை. டவர் பக்கத்தில் இருந்தால், எனக்கு நன்றாகக் கேட்கிறது, குறைத்துக்கொள் என்று டவரே போனுக்கு நொடிக்குப் பலமுறை கட்டளை அனுப்புகிறது. நல்ல சிக்னலில் 4ஜி போனின் சக்தி உச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். சிக்னல் ஒற்றைக் கோடாகிவிட்ட அடித்தளக் கார் நிறுத்தத்திலும், லிப்டுக்குள்ளும், ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டிலும் அதே போன் உச்சத்துக்கு ஏறுகிறது. பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இதனால்தான். ஆக, தெருவாசிகள் போராடி டவரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினால், டவரிலிருந்து வந்த மிகச் சிறிய பங்கு இன்னும் சிறிதாகும். போனிலிருந்து வரும் பெரிய பங்கு பல மடங்கு வளரும். பள்ளிக்கூடத்தைச் சுற்றி டவரே கூடாது என்று விதித்தாலும் இதுவே நடக்கும். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2012 நவம்பரில் பள்ளிகள், மருத்துவமனைகள், சிறைகள் அருகே உள்ள டவர்களை அகற்றச் சொன்னது. குழந்தைகளும் நோயாளிகளும் கூடுதல் பாதுகாப்புக்கு உரியவர்கள் என்ற அதன் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வளாகத்துக்குள் போன் பயன்பாடு அப்படியே தொடரும்வரை, டவரை அகற்றுவது அங்கிருப்பவர்கள் மேல் படும் மொத்த அலையைக் குறைக்கும் வழி அல்ல.

வரம்புகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்த்துவிட வேண்டும். அயனியாக்காத கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்பு பற்றிப் பரிந்துரைக்கும் சர்வதேச ஆணையம் 1998இல் தன் வரம்புகளை வெளியிட்டது, 2020இல் புதுப்பித்தது. உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் உறிஞ்சினால் உடல் வெப்பநிலை சுமார் ஒரு டிகிரி உயர்கிறது. அதை ஐம்பதால் வகுத்து, பொதுமக்களுக்குக் கிலோவுக்கு 0.08 வாட் என்று வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடல் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் கொண்டால் இந்த எண்ணின் அளவு புரியும். இந்தியா 2008இல் இந்த வரம்புகளை ஏற்றது. பிறகு, 2012 செப்டம்பர் 1 முதல், டவர்களுக்கான வரம்பை அதிலும் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. அதாவது வெப்பத் தீங்கு தொடங்கும் அளவில் ஐந்நூறில் ஒன்று.

இங்கேதான் வலுவான முதல் ஆட்சேபம் எழுகிறது. வரம்புகள் வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுக்கின்றன. வெப்பம் இல்லாமலே உயிரணுவைப் பாதிக்க முடியாதா? எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் அப்படித்தானே செய்கின்றன? செய்கின்றன, காரணம் அவற்றின் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் வேதிப் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இருக்கிறது. அதற்குச் சில எலெக்ட்ரான் வோல்ட் தேவை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகள் சுமப்பது ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டின் பத்து லட்சத்தில் நான்கு பங்குக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் துகள் இதைப் போல லட்சக்கணக்கான மடங்கு ஆற்றல் கொண்டது. உடல் சூட்டால் நம் மூலக்கூறுகள் இடைவிடாமல் ஒன்றையொன்று மோதிக்கொள்ளும் ஆற்றல்கூட இந்த ரேடியோத் துகளைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. சக்தியைக் கூட்டினால் துகள்களின் எண்ணிக்கை கூடும். தனித்தனித் துகளின் வலு கூடாது. ஆகவே ரேடியோ அலை மரபணுவை நேரடியாக அறுக்கிறது என்று சொல்வதற்கு இயற்பியலில் இடமில்லை. ஆனால் இந்த வாதம் ஒரு வழியைத்தான் அடைக்கிறது. உயிரணு சிக்கலான ஒன்று. மறைமுகமான பாதை எதுவும் இல்லவே இல்லை என்பதை இயற்பியல் தனியே நிரூபித்துவிடாது. அதனால்தான் மனிதர்களையும் விலங்குகளையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2011 மே 31 அன்று, லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ரேடியோ அலைகளை 2பி பிரிவில், புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற வகையில் சேர்த்தது. டவருக்கு எதிரான நோட்டீஸ்களில் இந்த முடிவு தவறாமல் இடம்பெறுகிறது. அதில் விடுபடுவது இது: அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தது போனைக் காதில் வைத்து நீண்ட நேரம் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள். டவர் போன்ற சுற்றுப்புற மூலங்களைப் பற்றிய சான்று போதாது என்று அதே குழு சொன்னது. 13 நாடுகளில் நடந்த இன்டர்போன் ஆய்வு 2010இல் வெளியானபோது, மொத்தத்தில் ஆபத்துக் கூடவில்லை. வாழ்நாளில் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன பத்தில் ஒரு பங்கினரிடம் மட்டும் மூளைக் கட்டி 40 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. நோய் வந்த பிறகு பழைய பேச்சு நேரத்தை நினைவிலிருந்து சொல்லச் சொன்ன ஆய்வு அது என்பதால் அந்த எண்ணில் பிழைக்கு நிறைய இடம் உண்டு. நோய் வருவதற்கு முன்பே பதிவு செய்து பின்தொடர்ந்த ஆய்வுகள் இதைவிட நம்பகமானவை. பிரிட்டனில் ஏழே முக்கால் லட்சம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்விலும், இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்த ஐரோப்பிய ஆய்வின் 2024 முடிவிலும் போன் பயன்பாட்டால் மூளைக் கட்டி கூடியதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2024 மதிப்பாய்வும் இதையே சொன்னது. போனே இவ்வளவுதான் என்றால், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு தரும் டவரைப் பற்றித் தனியே ஆராய வேண்டுமா என்று கேட்கலாம். ஆராய்ந்திருக்கிறார்கள். பிரிட்டனில், புற்றுநோய் வந்த நான்கு வயது வரையான 1,397 குழந்தைகளையும், ஒப்பீட்டுக்கு 5,588 குழந்தைகளையும் எடுத்து, பிறந்தபோது அவர்கள் வீட்டுக்கும் டவர்களுக்கும் இருந்த தூரம், டவர்களின் சக்தி, வீட்டில் பட்டிருக்கக்கூடிய அலையின் செறிவு ஆகியவற்றைக் கணக்கிட்டார்கள். மூன்றில் எதற்கும் நோயோடு தொடர்பு தெரியவில்லை. டவர் பற்றிய இத்தகைய ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. அந்த 2024 மதிப்பாய்வும் டவர் அலைக்கும் குழந்தைகளின் மூளைக் கட்டிக்கும் தொடர்பு பற்றிய சான்றின் உறுதி குறைவு என்றே குறிப்பிட்டது. அதை மறைக்கக் கூடாது.

எலிகளின் கதை இன்னும் சிக்கலானது. அதைத் தட்டிக்கழிப்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் முடித்த ஆய்வில், கருவிலிருந்தே தினமும் ஒன்பது மணி நேரம் அலைபட்ட ஆண் எலிகளின் இதயத்தில் நரம்புறைக் கட்டிகள் கூடின. அதே ஆண்டு இத்தாலியின் ராமஸ்ஸினி நிறுவனம், டவர் அலையைப் போன்ற ஒன்றைத் தினமும் 19 மணி நேரம் வாழ்நாள் முழுக்கப் பாய்ச்சி, ஆண் எலிகளில் அதே வகைக் கட்டியைக் கண்டது. உலக சுகாதார நிறுவனத்துக்காக விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வந்த மதிப்பாய்வு இந்தச் சான்றை வலுவானது என்று மதிப்பிட்டிருக்கிறது. இதற்குப் பதில் என்ன? முதலாவதாக, அளவு. அமெரிக்க ஆய்வின் உச்ச அளவு உடல் முழுவதும் கிலோவுக்கு 6 வாட். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பைப் போல 75 மடங்கு. ராமஸ்ஸினியில் கட்டிகள் தெளிவாகக் கூடியது உச்ச அளவில் மட்டும். அது சதுர மீட்டருக்கு 6.6 வாட். 1800 மெகாஹெர்ட்ஸுக்கான இந்திய வரம்பு 0.9 வாட். டவரிலிருந்து 230 மீட்டரில் நாம் கணக்கிட்ட அளவைப் போல அந்த 6.6 வாட் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். இரண்டாவதாக, முடிவுகளின் முரண். பெண் எலிகளில் தெளிவான விளைவு இல்லை. அமெரிக்க ஆய்வில் அலைபட்ட ஆண் எலிகள் அலைபடாதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. இவை சேர்ந்து சந்தேகத்தைக் கூட்டுகின்றன, கதையை முடித்துவிடவில்லை. லியோன் முகமையின் ஆலோசகர்கள் ரேடியோ அலையை மறுபடி மதிப்பிட முன்னுரிமை தரச் சொல்லியிருப்பது சரியான முடிவு. ஆனால் எலிச் சான்றை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது சுட்டுவது கடும் அளவுகளை. மனித வாழ்வில் அந்த அளவுகளுக்குச் சற்றேனும் கிட்டத்தில் வருவது காதோரப் போன். தூரத்து டவர் அல்ல.

"எங்கள் தெருவில் டவர் வந்த பிறகு நான்கு பேருக்குப் புற்றுநோய்" என்ற வாக்கியத்தை எந்த ஆய்வாளரும் அலட்சியப்படுத்தக் கூடாது. சொல்பவர் வீட்டில் ஒரு மரணம் நடந்திருக்கிறது. ஆனாலும் கணக்கைப் பார்த்தாக வேண்டும். இந்தியாவில் 2022இல் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் 14.6 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டது. லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் நூறு பேர். நூறு வீடுகள், 400 மனிதர்கள் உள்ள தெருவில் பத்தாண்டில் எதிர்பார்க்க வேண்டிய எண்ணிக்கை நான்கு. டவர் இருந்தாலும் அதுதான், இல்லாவிட்டாலும் அதுதான். சில தெருக்களில் தற்செயலாக ஏழு, எட்டு வரும். சிலவற்றில் ஒன்றுகூட வராது. நாடு முழுக்க சுமார் 8 லட்சம் டவர்கள் இருக்கும்போது, எட்டுப் பேர் நோயுற்ற தெருக்களில் பலவற்றில் ஒரு டவர் தென்படத்தான் செய்யும். குவாலியரில் புற்றுநோயாளி ஒருவர் தொடுத்த வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு டவரை நிறுத்தச் சொன்னபோது அது பெரும் செய்தியானது. ஒரு நோயாளிக்குக் கிடைத்த நிவாரணம் அது. நோய்க்குக் காரணம் எது என்ற அறிவியல் கேள்வியை அப்படி ஒரு ஆணையால் தீர்க்க முடியாது.

தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு பற்றிய புகார்களும் உண்மையானவை. அந்த வேதனை நடிப்பல்ல. அதன் காரணம் அலையா என்பதைச் சோதிக்க நேரடியான வழி இருக்கிறது. ஆன்டெனா ஓடுகிறதா இல்லையா என்பது பங்கேற்பவருக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது என்ற ஏற்பாட்டில் அறைக்குள் உட்காரவைத்துக் கேட்பது. இப்படி 46 சோதனைகளை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தவற்றை, லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். அலை இருப்பதை எவராலும் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. அலை ஓடுவதாகச் சொன்னால் போதும், ஓடாதபோதும் அறிகுறிகள் வந்தன. அச்சம் உடலில் வலியாக இறங்குகிறது என்றால், ஆதாரமில்லாத அச்சத்தைப் பரப்புவதும் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையே.

சிட்டுக்குருவியையும் சொல்லாமல் விட முடியாது. டவர் அலைதான் குருவிகளை அழிக்கிறது என்ற பேச்சு, 2018இல் வந்த '2.0' படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் இன்னும் வேரூன்றிவிட்டது. பிரிட்டனில் ஊர்க்குருவிகள் சரியத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அங்கே செல்போன் சேவை தொடங்கியது 1985இல். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020 அறிக்கையின்படி, நாட்டளவில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாததும் கூடுகட்டப் பொந்து இல்லாததும் அதற்கு அந்த அறிக்கை கருதும் காரணங்கள். டவரைக் குற்றவாளியாக்கியதில் இவை பேச்சிலிருந்தே நழுவிவிட்டன என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்தத் துறையில் பணம் முடிவுகளைப் பாதிக்கிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நிறுவனங்களின் நிதியில் நடந்த ஆய்வுகள் விளைவைக் கண்டறிவது குறைவு என்று 2007இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 59 ஆய்வுகளை வைத்துக் காட்டினார்கள். அதனால் நிறுவனத்தின் வாய்மொழியை நம்ப வேண்டாம் என்பது சரி. அதற்கு மாற்றாக, அளவு சொல்லாத துண்டறிக்கையை நம்புவதும் ஆகாது. எதற்கும் வரம்பை இன்னும் குறைத்துவிடுவோமே என்பவர்களுக்கும் ஒரு செய்தி. முன்னெச்சரிக்கை நடவடிக்கை எடுத்திருக்கிறோம் என்று மக்களிடம் சொன்னால் அவர்களின் கவலை குறைவதற்குப் பதில் கூடுகிறது என்று 2005இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சோதனை நடத்திக் கண்டார்கள். உலகிலேயே கடுமையான வரம்புகளில் ஒன்றை வைத்திருந்த இத்தாலி, 2024இல் அதை மீட்டருக்கு 6 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட்டாகத் தளர்த்தியது. வரம்பு எண்ணை மாற்றுவதால் அச்சம் தீராது. ஒவ்வொரு இடத்திலும் உண்மையில் எவ்வளவு படுகிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் தீரலாம். தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளத்தில் நம் பகுதி டவர்களைப் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் வீட்டருகே அளந்து தருவார்கள் என்று அறிவித்தார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் தன் வீட்டில் என்ன படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள நாலாயிரம் கட்ட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாடகை ஒரு வீட்டுக்குப் போகிறது, அச்சம் நாற்பது வீட்டுக்குப் போகிறது. அளந்து சொல்லும் செலவாவது டவர் வைப்பவருடையதாக இருக்க வேண்டும்.

இப்படி ஒரு டவர் வரும்போது தெருவாசிகள் கேட்க வேண்டியவை அலையைப் பற்றியவை மட்டும் அல்ல. மின்சாரம் போனால் டவரை ஓட்ட டீசல் ஜெனரேட்டர் வைப்பார்கள். ரேடியோ அலையை 2பி பிரிவில் வைத்த அதே லியோன் முகமை, ஓராண்டு கழித்து, 2012 ஜூனில், டீசல் எஞ்சின் புகையை முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற வகையில் வைத்தது. ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்த வீட்டு ஜன்னலைப் பார்க்கிறது, பேட்டரி வைக்க முடியாதா, பழைய கட்டடம் இந்தப் பளுவைத் தாங்குமா என்பவை கேட்டே ஆக வேண்டியவை. அலையைப் பொறுத்தவரை, பட்டைப் பெட்டிகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, அந்தத் திசையில் அதே உயரத்தில் முதல் ஜன்னல் எத்தனை மீட்டரில் இருக்கிறது, ஒரே கம்பத்தில் எத்தனை நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் சேரப்போகின்றன என்று கேட்கலாம். டவர் ஓடத் தொடங்கிய பிறகு அந்த ஜன்னலில் அளந்த எண்ணை எழுத்தில் வாங்கலாம். பின்னால் 5ஜி ஆன்டெனா ஏறும்போது மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். அது கற்றையை எல்லாப் பக்கமும் விரிக்காமல், போன் கேட்கும் பக்கத்துக்கு மட்டும் அவ்வப்போது கூர்மையாகத் திருப்புகிறது. யாரும் கேட்காதபோது ஏறக்குறைய அடங்கிவிடுகிறது, கேட்கும்போது அந்தத் திசையில் பழைய ஆன்டெனாவைவிட வலுவாகவே வீசும். ஒரு நிமிடம் கருவியைக் காட்டி எடுத்த எண் அதற்குப் போதாது. ஆட்கள் அதிகம் பயன்படுத்தும் மாலை நேரத்தில், சில நிமிடங்களின் சராசரியாக எடுக்க வேண்டும்.